தண்ணீர் லாரியில்கூட அடங்காத ஜெல்லி பந்து… உள்ளே லட்சக்கணக்கில் முட்டை! நடுக்கடல் கணவாய் எங்கே, எப்படி முட்டையிடுகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டினப்பாக்கம் லூப் சாலை, நொச்சிக்குப்பம் மீன் அங்காடி, பெசன்ட் நகர் ஊரூர் குப்பம் என்று எங்கே போனாலும் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவில் வழுவழுவென ஒரு குவியல் இருக்கும். சென்னைக்காரர்களுக்கு அது கடம்பா. தெற்கே போனால் கணவாய். ஹோட்டல் மெனு கார்டில் ஸ்குவிட் அல்லது கலமாரி. பேர்தான் வேற, ஆள் ஒண்ணுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவும்போது சில கடம்பாவின் வயிற்றுக்குள் வெள்ளை வெளேரென்று, நீளமாக, ஜோடியாக இரண்டு கட்டிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை முட்டை என்றே நினைக்கிறார்கள். அது முட்டை இல்லை. முட்டைக்கு உறை செய்யும் சுரப்பி. அந்த இரண்டு வெள்ளைக் கட்டிகள் தயாரிக்கும் ஜெல்லிதான் நாம் பார்க்கப்போகும் கதையின் மையம். ஏனென்றால் இதே சுரப்பியை வைத்துக்கொண்டு, கரையோரக் கணவாய் ஒரு விரல் நீள உறை செய்கிறது. நடுக்கடல் கணவாயோ ஒரு அறையையே நிரப்பும் அளவுக்குப் பந்து செய்கிறது!

கணவாய் ஏன் இன்று பேசுபொருள்? அதன் வாழ்நாள் பெரும்பாலும் ஓராண்டுதான். முட்டையிட்டு முடித்ததும் செத்துவிடும். இந்த ஆண்டு முட்டை தவறினால், அடுத்த ஆண்டு பிடிக்க 'போன வருஷத்துப் பெருசு' என்று கடலில் எதுவும் மிச்சம் இருக்காது. அதனால் அது எங்கே முட்டையிடுகிறது என்பது வெறும் உயிரியல் கேள்வி அல்ல. மீனவர் வருமானமும் நம் சாப்பாட்டுத் தட்டும் அதில் இருக்கின்றன.

எல்லாக் கணவாயும் ஒன்றா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் கணவாய் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விதமான உயிரினங்கள் வருகின்றன. உள்ளே கண்ணாடித் தகடு போல மெல்லிய தண்டு இருப்பது ஊசிக் கணவாய். நம்ம கடம்பா இதுதான். உள்ளே வெள்ளையாகத் தடித்த ஓடு இருப்பது ஓட்டுக் கணவாய். மெரினாவில் கரை ஒதுங்கிக் கிடக்குமே, சித்த மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பார்களே, கிளிக் கூண்டில் தொங்கவிடுவார்களே, அது இந்த ஓடுதான். எட்டுக் கைகளோடு இருப்பது பேய்க் கணவாய், அதாவது ஆக்டோபஸ்.

ஊசிக் கணவாயிலும் இரண்டு வகை உண்டு. கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் வாழ்பவை ஒரு வகை. சென்னைச் சந்தைக்கு அதிகம் வருவது இந்த வகையைச் சேர்ந்த இந்தியக் கணவாய். இன்னொரு வகை, கரையே கண்ணில் படாத ஆழ்கடலில் சுற்றுபவை. இவற்றில் நமக்கு நெருக்கமானது 'பர்பிள்பேக்' எனப்படும் ஊதா முதுகுப் பறக்கும் கணவாய். அறிவியல் பெயர் ஸ்தெனோட்யூதிஸ் ஔலானியென்சிஸ். (ஒரு மூச்சில் சொல்ல முடிந்தால் நீங்கள் கெட்டிக்காரர்!) அரபிக்கடலில் இது ஏராளம். வங்கக் கடலிலும் உண்டு. ஆபத்து வந்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, கடல் மட்டத்துக்கு மேலே எம்பிச் சில மீட்டர் தூரம் காற்றிலேயே பாயும். அதனால்தான் 'பறக்கும்' என்ற அடைமொழி.

கரையோரக் கணவாய்: தரையில் ஒட்டு

கரையோர வகைக்கு முட்டையிடுவது கொஞ்சம் சுலபம். அடியில் தரை இருக்கிறது. ஒட்டவைக்கப் பிடிமானம் இருக்கிறது. பெண் கணவாய் முட்டைகளை ஜெல்லி உறைகளுக்குள் வைத்து, விரல் விரலாகக் கடலடியில் ஒட்டும். பல பெண்கள் ஒரே இடத்தில் ஒட்டிவிட்டுப் போகும்போது, தலைகீழாக வைத்த துடைப்பம் போல வெள்ளையாக ஒரு கொத்து நிற்கும். வலையில் இப்படிக் கொத்துகள் மாட்டி மேலே வருவது மீனவர்களுக்குப் புதிதல்ல.

பாக் நீரிணை, மன்னார் வளைகுடா பக்கம் இன்னொரு இனம் உண்டு. பெரிய துடுப்புக் கொண்ட பார்க் கணவாய். இது கடல்புல்லிலும், கடற்பாசியிலும், சில நேரம் மீன் பிடிக்கப் போட்ட கூண்டிலுமே முட்டை உறைகளை ஒட்டிவிடும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் இதன் முட்டைகளைச் சேகரித்துத் தொட்டியில் பொரிக்கவைத்து வளர்த்தும் பார்த்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது நினைவிருக்கலாம். கடற்பசுவுக்காகக் காக்கப்படும் அந்தக் கடல்புல், கணவாய்க்குப் பிரசவ அறையும்கூட. செய்தியில் கடற்பசு மட்டும்தான் தலைப்பில் வந்தது. கணவாய்க்கு விளம்பரம் கிடைக்கவில்லை!

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. சாந்தோம் நெடுஞ்சாலையில் ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் சென்னை மையத்தைக் கவனிக்காமலே கடந்திருப்பார்கள். தமிழகக் கடற்கரையில் செயற்கைப் பார்கள் அமைக்கும் பணியில் இந்த மையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. கான்கிரீட் வார்ப்புகளைக் கடலில் இறக்கினால் மீன் சேரும் என்பது ஒரு பலன். முட்டையை ஒட்ட இடம் தேடும் கணவாய்க்கும் பிடிமானம் கிடைக்கும் என்பது இன்னொரு பலன்.

நடுக்கடலில் எதில் ஒட்டுவது?

இப்போது ஊதா முதுகுக் கணவாயின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அடியில் தரை என்றால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கீழே. அங்கே இருட்டு, கடும் குளிர். புல் இல்லை, பாறை இல்லை, மீனவர் போட்ட கூண்டும் இல்லை. முட்டையைச் சும்மா விட்டால் மூழ்கிப்போகும், இல்லையென்றால் மேலே வந்து எல்லோருக்கும் தீனியாகும்.

இதற்குப் பறக்கும் கணவாய்க் குடும்பம் கண்ட வழிதான் ஜெல்லி பந்து. பெண் கணவாய், முன்பே ஆணிடம் பெற்றுத் தன் வாயருகே சேமித்து வைத்திருக்கும் விந்தணுவைக் கொண்டு முட்டைகளைக் கருவுறச் செய்கிறது. கூடவே இரண்டு வகைச் சுரப்பிகளிலிருந்து ஜெல்லியை வெளியேற்றுகிறது. ஒன்று முட்டைகளுக்கு நடுவே நிரம்பும். மற்றொன்று (நாம் சமையலறையில் பார்த்த அந்த வெள்ளைக் கட்டி) வெளிச்சுவராகும். வெளியே வரும்போது சின்னதுதான். கடல்நீரை உறிஞ்ச உறிஞ்ச ஊதிக்கொண்டே போகும். ஊறவைத்த சப்ஜா விதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதையே பல ஆயிரம் மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிசு? 2006-ஆம் ஆண்டு மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில், ஹம்போல்ட் கணவாயின் முட்டைப் பந்து ஒன்றை முக்குளித்த ஆய்வாளர்கள் முதன்முறையாக நேரில் பார்த்தார்கள். விட்டம் 2 முதல் 3 மீட்டர். உள்ளே 6 லட்சத்திலிருந்து 20 லட்சம் முட்டைகள் வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். 3 மீட்டர் விட்டம் என்றால் கொள்ளளவு சுமார் 14,000 லிட்டர். கோடையில் நம்ம தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில்கூட அடங்காது! இதைச் செய்தது ஒரே ஒரு கணவாய்.

2015-இல் துருக்கிக் கடலில் முக்குளிப்பவர்கள் படம்பிடித்த பந்து 4 மீட்டர் அகலம் இருந்தது. அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. 'ஏலியன் முட்டை' என்றெல்லாம் தலைப்புப் போட்டு ஷேர் செய்தார்கள். நார்வே கடற்கரைகளில் இதேபோன்ற மர்ம உருண்டைகளை 1980-களிலிருந்தே பார்த்து வந்திருக்கிறார்கள். என்னவென்று தெரியாமலே இருந்தது. மக்கள் தந்த படங்கள், தகவல்களோடு, சில உருண்டைகளிலிருந்து எடுத்த திசுவில் டிஎன்ஏ சோதனையும் செய்து, அவை ஒரு வகைக் கணவாயின் முட்டைப் பந்துகள்தான் என்று 2021-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

இவ்வளவு பெரிசா இருந்தும் ஏன் கண்ணில் படுவதில்லை? காரணம் எளிது. பந்து கிட்டத்தட்டத் தண்ணீர் போலவே நிறமற்றது. வலையில் பட்டால் சிதைந்துவிடும். ஆயுளோ சில நாள்தான். சரியான இடத்தில், சரியான ஆழத்தில், அந்தச் சில நாளுக்குள் ஒருவர் அங்கே முக்குளித்துக்கொண்டிருக்க வேண்டும். நடக்கிற காரியமா!

பந்து ஏன் மூழ்குவதில்லை?

கடல்நீர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருப்பதில்லை. மேலே வெயில் பட்ட இளஞ்சூடான, எடை குறைந்த நீர். கீழே குளிர்ந்த, அடர்த்தி கூடிய நீர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அடர்த்தி திடீரென மாறும் ஒரு அடுக்கு இருக்கிறது. ஜெல்லி பந்து மேல் நீரைவிடக் கொஞ்சம் கனம், கீழ் நீரைவிடக் கொஞ்சம் லேசு. அதனால் இறங்கி வந்து அந்த அடுக்கின் மேல் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத தரை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜப்பானின் ஹக்கோடேட்டில், ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மிகப் பெரிய தொட்டியில் செய்து பார்த்தார்கள். (அந்த ஆய்வுக் குழுவில் இந்தியர்களும் இருந்தார்கள் என்பது கூடுதல் தகவல்.) தொட்டியில் கீழே குளிர்ந்த நீர், மேலே சூடான நீர் என்று அடுக்கு உண்டாக்கி, ஜப்பானியப் பறக்கும் கணவாயை விட்டார்கள். அது முட்டையிட்ட பந்துகள் சுமார் 80 சென்டிமீட்டர் அளவில், அந்த அடுக்கை ஒட்டியே மிதந்தன. அடுக்கு இல்லையென்றால் பந்து தரைக்கு இறங்கிவிடும். வெளிச்சுவர் ஜெல்லி ஒரு கொசுவலை மாதிரி வேலை செய்வதையும் கவனித்தார்கள். நுண்ணுயிரிகளும் சின்னச் சின்ன ஒட்டுண்ணிகளும் உள்ளே நுழையாமல் அது தடுக்கிறது.

நம் கடல்களில் இந்த அடுக்கு எப்படி? வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி என்று பெரும் நதிகள் கொட்டும் நன்னீர் மேலே படர்ந்து நிற்பதால் அடுக்குப் பிரிவு மிகவும் வலுவானது. அரபிக்கடலின் சிக்கல் வேறு. அங்கே சுமார் 100, 150 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் மிகக் குறைந்த நீர் தொடங்கி, ஏறக்குறைய 1,000 மீட்டர் வரை போகிறது. வளர்ந்த ஊதா முதுகுக் கணவாய் பகலில் இந்த மூச்சுமுட்டும் ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே வந்து வேட்டையாடும். அதற்குப் பழகிய உடம்பு. ஆனால் வளரும் கருவுக்கு ஆக்சிஜன் வேண்டும். பந்து எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது அதற்கு உயிர்ப் பிரச்னை.

பொரித்ததும் தும்பிக்கை!

ஒரு முட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். வெப்பக் கடலில் சில நாள்களிலேயே பொரித்துவிடும். வெளியே வரும் குஞ்சும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கடுகைவிடச் சின்னது.

வளர்ந்த கணவாய்க்கு எட்டுக் கைகளும், இரை பிடிக்க நீட்டும் இரண்டு நீண்ட கரங்களும் உண்டு. ஆனால் பறக்கும் கணவாய்க் குஞ்சுக்கு அந்த இரண்டு நீண்ட கரங்களும் ஒன்றாக ஒட்டிப்போய் ஒரே தும்பிக்கை போல இருக்கும்! உடல் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளர்ந்த பிறகுதான் தும்பிக்கை இரண்டாகப் பிரியும். இந்த வயதில் இவற்றுக்கு அம்மாவும் கிடையாது, அப்பாவும் கிடையாது. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களோடு மிதந்துகொண்டே வளர வேண்டியதுதான்.

லட்சக்கணக்கில் முட்டை போடுவது ஏன் என்று இப்போது புரியும். பெரிய ஹம்போல்ட் கணவாய் ஒன்றின் சூலகத்தில் 3 கோடிக்கும் மேல் கருமுட்டைகள் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவும் பிழைத்தால் கடலே கணவாயால் நிரம்பிவிடும். ஒரு ஜோடிக்குப் பின் இரண்டே இரண்டு பிழைத்து, வளர்ந்து, முட்டையிட்டால் போதும், இனத்தின் எண்ணிக்கை குறையாது. மீதி எல்லாம் சூரைக்கும், மயில்மீனுக்கும், இன்னும் யார் யாருக்கோ சாப்பாடு.

எல்லோரும் பந்து செய்வதில்லை

நடுக்கடலிலும் வேறு வழி கண்டவை உண்டு. வைர வடிவத் துடுப்புக் கொண்ட 'டயமண்ட்பேக்' கணவாய், பந்துக்குப் பதிலாக ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான ஜெல்லி உருளை செய்து கடல் மேல்மட்டத்தில் மிதக்க விடுகிறது. உருளையைச் சுற்றி இளஞ்சிவப்பு நூல் போல முட்டை வரிசை சுருண்டு ஓடும். சமூக வலைதளத்தில் 'மர்ம உயிரினம்' என்று அடிக்கடி வரும் வீடியோக்களில் பல இதுதான்.

ஆழ்கடலின் கோனேட்டஸ் கணவாய் செய்வது இதற்கு நேர்மாறு. அது 2,000 முதல் 3,000 முட்டைகள் கொண்ட ஜெல்லிப் பையைத் தன் கைகளாலேயே பிடித்துக்கொண்டு, 1,500 மீட்டருக்கும் கீழே மாதக்கணக்கில் நீந்துகிறது. கையில் முட்டை இருப்பதால் வேட்டையாட முடியாது. அவ்வப்போது கைகளை விரித்து முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் பாய்ச்சும். அமெரிக்காவின் மான்டெரே வளைகுடா ஆய்வு நிறுவனத்தினர் ஆழ்கடல் ரோபோ கேமரா மூலம் இதைப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். 'கணவாய் முட்டையிடும், செத்துப்போகும், அவ்வளவுதான்' என்ற எண்ணத்தை அது மாற்றியது. அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இன்னொரு தகவலில், பெயர்கூட இன்னும் வைக்கப்படாத ஒரு கணவாய், வழக்கத்தைவிடப் பெரிய முட்டைகளை 30, 40 மட்டும் ஏந்திக்கொண்டு போவது பதிவாகியிருந்தது. கோடிக்கணக்கில் போட்டுவிட்டுப் போவதும் ஒரு கணக்கு. நாற்பதைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதும் ஒரு கணக்கு.

தென்னம்பாளை தூண்டில்: நம்ம ஊர் சர்ச்சை

முட்டையிடும் பழக்கத்தை மனிதன் பயன்படுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து கர்நாடகக் கடலுக்குப் போய்த் தொழில் செய்யும் மீனவர்கள் கையாண்ட முறை இது. காய் உதிர்ந்த தென்னம்பாளைகளைக் கட்டாகக் கட்டி, மணல் மூட்டை எடை வைத்து, மிதவையோடு கடலில் இறக்குவார்கள். ஓட்டுக் கணவாய்க்கு முட்டையைச் சுற்றிக் கட்ட இந்த மாதிரிக் கிளைப் பொருள் என்றால் கொள்ளைப் பிரியம். முட்டையிடத் தேடி வரும். வந்ததும் தூண்டிலில் சிக்கும்.

மீன்பிடி நுட்பமாகப் பார்த்தால் அபார மூளை. டீசல் செலவு குறைவு, தரையைச் சுரண்டும் இழுவலை இல்லை, பெரிய கணவாய் தனியாகக் கிடைக்கிறது, நல்ல விலை. ஆனால் பிடிபடுவது பெரும்பாலும் முட்டையிடத் தயாரான தாய்க் கணவாய் என்பதைக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மங்களூரு ஆய்வுகள் காட்டின. முட்டையிடும் முன்பே தாயைப் பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டு? உள்ளூர் இழுவலைப் படகுக்காரர்களுக்கு வேறு கோபம்: கடலில் விட்ட பாளைக் கட்டுகள் தங்கள் வலையில் சிக்கிக் கிழிக்கின்றன என்று. இரு தரப்புக்கும் நடுவே மோதல் வரை போனது.

இதில் ஒரு தரப்பை மட்டும் வில்லனாக்குவது நியாயமாகத் தெரியவில்லை. இழுவலையும் முட்டைக் கொத்துகளைத் தரையோடு வழித்துக்கொண்டுதான் போகிறது. வித்தியாசம் என்னவென்றால், ஒருவர் தாயைப் பிடிக்கிறார், மற்றவர் முட்டையைப் பெயர்க்கிறார்.

வெளிச்சம் காட்டிப் பிடிப்பதும் இதே ரகம். கணவாய் இரவில் வெளிச்சத்தைத் தேடி வரும். சக்திவாய்ந்த எல்இடி விளக்குகளைப் பயன்படுத்தினால் ஒரு கூட்டத்தையே வாரிவிடலாம். 2017 நவம்பரில் மத்திய அரசு நம் கடல் எல்லைக்குள் செயற்கை விளக்கு மீன்பிடிப்புக்குத் தடை விதித்தது.

மீன்பிடித் தடைக்காலம் கணவாயைக் காப்பாற்றுமா?

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. 'மீன் இனப்பெருக்கக் காலம்' என்று செய்தியில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம் (நாங்களும் அப்படித்தான் எழுதுகிறோம்). கணவாய் விஷயத்தில் அது பாதி உண்மை.

இந்தியக் கணவாய் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பகுதியில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் அதிகம், சில மாதங்களில் குறைவு. 61 நாள் அதன் முழு இனப்பெருக்கத்தையும் மூடிவிடாது. ஆனாலும் பலன் உண்டு. அந்த இரண்டு மாதமாவது இழுவலை தரையைச் சுரண்டாது. ஒட்டியிருக்கும் முட்டைக் கொத்துகள் பொரிக்க அவகாசம் கிடைக்கும். கேரளம் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது: 58 வகைக் கடல் உணவுகளுக்கு, இதைவிடச் சின்னதைப் பிடிக்கக் கூடாது என்று குறைந்தபட்ச அளவு நிர்ணயித்திருக்கிறது. அதில் கணவாயும் உண்டு.

ஊதா முதுகுக் கணவாய்க்கு இந்தத் தடை எதுவும் பொருட்டே இல்லை. அது வாழும் இடமே வேறு.

எல்லைக்கு அப்பால் யார் கணக்குப் பார்ப்பது?

அரபிக்கடலின் ஊதா முதுகுக் கணவாய் வளத்தை இந்தியா பயன்படுத்த முடியுமா என்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகளுக்கு முன் தனித் திட்டமே நடத்தியது. ஆய்வு முடிவு உற்சாகமாகத்தான் இருந்தது. கரையோரத்தில் மீன் குறைகிறது, படகுகள் நெருக்கியடிக்கின்றன. வெளியே பெரிய கணவாய் வளம் தொடப்படாமல் இருக்கிறது என்ற வாதம் அது.

'தொடப்படாமல்' என்ற சொல் இப்போது பொருந்துமா என்பதுதான் கேள்வி. நம் பொருளாதார மண்டலம் கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர். அதற்கு அப்பால் பொதுக் கடல். கணவாய்க்கு எல்லைக்கோடு தெரியாது. வடமேற்கு இந்தியப் பெருங்கடலின் பொதுக் கடலில் கணவாய் பிடிக்கும் கப்பல்கள் 2015-இல் 30, 2019-இல் 279. ஐந்தே ஆண்டில் 830 சதவீத உயர்வு. செயற்கைக்கோள் தகவலைக் கொண்டு இதைக் கணக்கிட்டு 2020-இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். பெரும்பாலானவை சீனக் கப்பல்கள்.

சட்டவிரோதமா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் சூரை மீனுக்கு ஒரு சர்வதேச ஆணையம் இருக்கிறது. எவ்வளவு பிடிக்கலாம் என்று அது பேசும். கணவாய் அதன் பட்டியலில் இல்லை. விதியே இல்லாத இடத்தில் விதிமீறல் எப்படி வரும்? எவ்வளவு பிடிக்கிறார்கள், முட்டையிடும் முன் பிடிக்கிறார்களா, பின் பிடிக்கிறார்களா என்று கேட்க ஆளே இல்லை.

இதன் விளைவு எப்படி இருக்கலாம் என்பதற்கு இரண்டு பழைய பாடங்கள் இருக்கின்றன. முதல் பாடம் ஜப்பான். அங்கே பறக்கும் கணவாய்ப் பிடிப்பு 2010-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் அளவில் இருந்தது. பத்தாண்டு கழிந்தபோது அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. முட்டையிடும் பகுதியின் வெப்பநிலை மாறியது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதிகப்படியான மீன்பிடிப்பும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது கலிபோர்னியா வளைகுடா. 2006-இல் முட்டைப் பந்து கண்டுபிடித்தார்களே, அதே இடம். 2009-10 எல் நினோவில் கடல் சூடானது. ஹம்போல்ட் கணவாய்கள் வழக்கமான பிரம்மாண்ட உருவத்துக்கு வளராமல், பாதி வயதிலேயே குட்டி உருவத்தில் முட்டையிடத் தொடங்கின. இனம் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதை நம்பியிருந்த மீன்பிடித் தொழில் படுத்துவிட்டது. ஓராண்டு ஆயுள் உள்ள உயிரினம் சூழலுக்கு ஏற்ப வேகமாக மாறிக்கொள்ளும். டீசல் கடனும் படகு லோனும் வைத்திருக்கும் மனிதனால் அந்த வேகத்துக்கு மாற முடியாது.

கடற்கரையில் பார்த்தால்?

எலியட்ஸ் கடற்கரையிலோ மெரினாவிலோ வழவழப்பான உருண்டை எதையாவது பார்த்தால் உடனே 'கணவாய் முட்டை' என்று ஸ்டேட்டஸ் போட வேண்டாம். நம் கரையில் ஒதுங்குவது பெரும்பாலும் சொறி எனப்படும் ஜெல்லி மீன். சில வகை கடித்தால் எரிச்சலும் வீக்கமும் வரும், தொடாமல் இருப்பது நல்லது. நடுக்கடல் கணவாயின் முட்டைப் பந்து கரை வரை முழுசாக வந்து சேர வாய்ப்பு மிகக் குறைவு.

திராட்சைக் கொத்து மாதிரி ரப்பர் போன்ற மணிகள் கயிற்றிலோ குச்சியிலோ ஒட்டியிருந்தால் அது ஓட்டுக் கணவாயின் முட்டையாக இருக்கலாம். வெள்ளையாக, விரல் விரலாக ஒட்டிய ஜெல்லிக் கொத்து என்றால் ஊசிக் கணவாயுடையது. வலையில் இவை மேலே வந்தால், காயவிடாமல், பிடித்த இடத்திலேயே மறுபடி கடலில் போட்டுவிடலாம். உறைக்குள் கண்கள் கருப்புப் புள்ளியாகத் தெரிந்தால் பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.